பூப்பொட்டலம் கட்டியவன்

நனைந்த வாழைநாரின் வாடை மூக்கில் ஏறினால் போதும், என் நடை தானாக வேகமெடுத்துவிடும். பேருந்து நிலையத்துப் பூக்காரி வாளித் தண்ணீரில் நாரை ஊறப்போட்டிருப்பாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இடத்தைக் கடப்பேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் இருந்தது. கட்டியவன் நான். ஊரை ஏமாற்றினேன்.

அதோடு முடிந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க மாட்டேன். இந்த ஊரில் பித்தலாட்டம் செய்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பலருக்கு மாலை போட்டு மேடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் செய்தது அதைவிடக் கேவலம். கேளுங்கள்.

முதலில் இந்த ஊரைச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே, பேருந்தில் தூங்கிவிட்டால் கடந்து போனதே தெரியாத ஓர் ஊர். பக்கத்திலேயே பவானி ஓடுகிறது. அது அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஆற்றை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது விடியற்காலையில் கரைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்!

“டவுனாயிட்டு வருதுங்க.” இந்த வாக்கியத்தைச் சொல்லாத வாய் இங்கே கிடையாது. இரண்டாவது மருந்துக்கடை திறந்தபோதும் சொன்னார்கள். எஸ்.டி.டி. பூத் வந்தபோதும் சொன்னார்கள். வெளியூரில் ஒரு காக்கையைக்கூடத் தெரியாதவர்கள் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். துடியலூருக்கு டவுன் பஸ் நிமிடத்துக்கு ஒன்று ஓடுகிறது என்று பொருமுவார்கள், பங்காளி வீட்டில் மாடி எழும்பியதைப் பார்த்தவர்கள்போல.

வளர்ந்தது, ஆமாம். நகம் வளர்வதைப்போல. வளர்வதும் தெரியாது, அதனால் ஒரு பயனும் கிடையாது.

நான்? தமிழில் முதுகலை. பத்தாம் வகுப்பில் தவறியவர்களைத் தேற்றிவிடும் டுடோரியலில் வாத்தியார். சிறு பத்திரிகைகளில் வசன கவிதை எழுதுகிறவன். ஆற்றைப் பற்றி எழுதுவேன், ஊரைப் பற்றி எழுத மாட்டேன். என் பேனாவுக்கு இந்த ஊர் போதாது என்று நினைத்தேன்... என்ன இறுமாப்பு!

ஊரின் கீழ்ப்பக்கம், மேடு சரிந்து ஆற்றை நோக்கி இறங்கும் இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில் ஏழு கற்கள் இருந்தன. கன்னிமார். அவற்றுக்குக் கீழே, ஆறுவரை வாழையும் கரும்பும். ஒரு வீடு கிடையாது. மாட்டுக் கொட்டகைகூடக் கிடையாது. சிறு வயதில் காரணம் கேட்டேன். “அது கன்னிமாரு குளிக்கப் போற தடம்” என்றார்கள். பெண்கள் குளிக்கப் போகும் வழியில் குடியிருப்பது மரியாதை இல்லையாம்! அன்று சிரித்த சிரிப்பை நான் வெகுகாலம் நிறுத்தவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நிலத்துக்கு விலை வந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சைட் போட வந்தார். நிலம் கோயில் தர்மகர்த்தாவின் மச்சானுடையது. கன்னிமாரைத் தூக்கிச் சாலையோரம் வைத்துவிட்டால் ஆறுவரை வீட்டுமனைதான். ஊருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் இந்தச் சனங்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பூக் கேட்பார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், செவ்வரளி ஒரு பொட்டலத்தில். இரண்டையும் வாழையிலையில் மடித்து, நாரால் ஒன்றுபோலக் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். ஒரு பெண்குழந்தை வந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை என்றால் சாமி சம்மதம். சிவப்பு என்றால் வேண்டாம். குழந்தை எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது; கட்டியவனே கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

கவனித்தீர்களா? பிரிக்கக் கூடாது! படிக்காத மேதைகள்!

நிலம் மச்சானுடையது என்பதால் தர்மகர்த்தா வீட்டார் பொட்டலம் கட்டினால் ஊர் ஒப்பாது. கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். நான் டுடோரியலுக்குப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

“அப்பறம் ஆருங்க கட்டறது?” என்றார் ஒருவர்.

“அதா நிக்கறாரே வாத்தியாரு, அவரக் கூப்புடுங்க” என்றார் தர்மகர்த்தா.

“நல்லாருக்குதுங்க! சாமியே இல்லீங்கறவருகிட்டப் போயி...”

“அட நீயொண்ணு! சாமி கும்புடறவனுக்குத்தான் ஆசையிருக்கும். இவருக்கு வெள்ளை வந்தா என்ன, செவப்பு வந்தா என்ன? நெலமுமில்லை, புலமுமில்லை, கண்ணாலமுமில்லை! இவரைவுட நடுவாளு எங்க கெடைப்பான்?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம்பாதவன் திருட மாட்டான் என்று முடிவு கட்டிய ஊர் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த வாரம் ஈஸ்வரன் என்னைத் தேடி வந்தான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் பெற்றோர் தோட்டக் கூலிகள். அவன் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். காலை முதல் பேருந்தில் போய் இரவு திரும்புவான். குடியிருப்பு வாய்க்காலுக்கு அப்பால், காலனியில். ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தான். “ஒறம்பரை வாராங்க கண்ணு” என்றார்கள் ஒவ்வொரு வீட்டிலும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் உறவுக்காரர்கள் வந்து இறங்குவதாக இருந்தது!

“வாத்தி, அந்தக் கோயமுத்தூர்க்காரன் நீ என்ன சனம்னே கேக்கலைடா” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. “பேரக் கேட்டான், எழுதிக்கிட்டான். நாலு மூலைக்கும் கல்லு நட்டுக் குடுத்துருவானாம். அதுக்குள்ளாற நாந்தான் ராசா.”

“செவப்பு வந்துட்டா?”

“வந்துட்டா பழையபடி வாய்க்காலுக்கு அக்கட்டால ராசா. போ!”

அவன் மனைவி சிவகாமி பக்கத்தில் நின்றிருந்தாள். “அங்க இருக்கறது ஏழும் பொம்பளைங்கதானுங்கண்ணா” என்றாள். “ஊடில்லாத வெசனம் அவியளுக்குத் தெரியாதுங்களா?”

பூக் கேட்கும் நாளன்று காலை கோயில் நந்தவனத்தில் பூப் பறித்தேன். வேப்பமரத்துக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கட்டினேன். கட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது முறை. செவ்வரளியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். வெள்ளை ஒன்று. இன்னொன்றும் வெள்ளை. வாழைநார் ஈரமாக, வழுவழுப்பாக, விரலில் ஒட்டியது.

குழந்தை எடுத்தது. பிரித்தார்கள். வெள்ளை! பெண்கள் குலவையிட்டார்கள். தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றதை நான் ஆற்றில் விட்டேன். அது கொஞ்ச தூரம் என்னைப் பார்த்துக்கொண்டே போவதுபோலப் போயிற்று.

ஏன் செய்தேன்?

ஈஸ்வரனுக்காக. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழகான காரணம், கவிதைகூட எழுதலாம். ஆனால் குழந்தை பொட்டலத்தை எடுத்த அந்த நொடியில் என் மனத்தில் ஈஸ்வரன் இருந்தானா? இல்லை! நான் அந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கூப்பி, வாய் திறந்து, ஒரு கீற்று வாழையிலைக்காக நடுங்கிக்கொண்டு நின்ற முகங்கள். ‘மடையர்களே, உங்கள் ஏழு தெய்வங்களும் இப்போது என் வேட்டி மடிப்பில் இருக்கிறார்கள்’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சுகத்துக்குத்தான் செய்தேன். ஈஸ்வரன் அதற்கு நான் போர்த்திய சால்வை.

கற்கள் சாலையோரம் போயின. பளபளக்கும் டைல்ஸ் ஒட்டி, இரும்புக் கதவு போட்டு, பூட்டினார்கள். காவல் தெய்வத்துக்குக் காவல்! வாழைத் தோட்டம் போய் மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள் முளைத்தன. மெல்ல மெல்லப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஈஸ்வரனுக்குக் கிடைத்தது கடைக்கோடி மனை, ஆற்றுக்கு அருகில். அவனும் சிவகாமியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே செங்கல் சுமந்தார்கள். சிமெண்டுக்கு எட்டவில்லை, மண் சாந்தில்தான் சுவர் எழும்பியது.

பால் காய்ச்சிய அன்று நான் போய்ச் சாப்பிட்டேன். எங்கள் மேல்தெருவிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவகாமி ஒவ்வொரு சன்னலாகத் திறந்து காட்டினாள். “இதத் தொறந்தா ஆறு, அதத் தொறந்தா வேப்பமரமுங்கண்ணா. பட்டணத்துல ஆருக்குக் கெடைக்கும்?”

ஆற்றைப் பார்த்தபடி ஒரு சன்னல்... இந்த ஊரில் ஆற்றுக்கு முகம் காட்டிய முதல் வீடு அதுதான்.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஐப்பசியில் மலைமேல் விடாத மழை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். பொழுது விடிகிறபோது ஆறு எழுந்து நடந்து வந்தது. ஓடி வரவில்லை, ஆர்ப்பரிக்கவில்லை. வழி தெரிந்தவர்கள் வருவதுபோல மனைக்கு மனை ஏறி, வேப்பமரத்தடிக்கு வந்து, கற்கள் இருந்த இடத்தை நனைத்துவிட்டு, அங்கேயே நின்றது. அதற்கு மேல் ஓரடி வரவில்லை!

சாவு இல்லை. எல்லோரும் மேட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள். சிமெண்டு வீடுகளுக்குள் சன்னல் உயரத்துக்குத் தண்ணீர் புகுந்தது, வடிந்தது. ஈஸ்வரன் வீடு மட்டும் ஒவ்வொரு சுவராக, சத்தமே இல்லாமல், நனைந்த ரொட்டிபோல உட்கார்ந்தது. மேட்டில் நின்று அவனும் சிவகாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நானும் நின்றேன்.

எனக்கு என்ன ஆத்திரம் தெரியுமா! ‘தண்ணீர் இதுவரை வரும்’ என்று இந்த ஊரில் ஒருவன், ஒரே ஒருவன், வெறும் வாயால் சொல்லியிருக்கக் கூடாதா? கன்னியாம், குளியலாம், தடமாம்! கதையைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு காரணத்தைத் தொலைத்த கூட்டம்!

சரி... சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். நானே கேட்டுக்கொண்டு அலுத்துவிட்டேன்.

வெள்ளம் வடிந்தது. பேச்சு வடியவில்லை. டீக்கடையில் என் காதுபடவே நடந்தது.

“கன்னிமாரு வெள்ளைப் பூ குடுத்தாங்களே... சரின்னு சொல்லிப்போட்டு எதுக்குங்க வந்தாங்க?”

“எடத்துல தப்பில்லீங்க. குடியிருக்கற ஆளுலதான் தப்பு.”

“ஏனுங்க, நாஞ் சொல்லலை, செவுரே சொல்லுதே! மத்தவிய ஊடெல்லாம் நிக்குது. எது போச்சு? நீங்களே சொல்லுங்க வாத்தியாரே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் கிளாஸ் இருந்தது. ‘சாமி சம்மதிக்கவே இல்லையடா, அது என் வேலை’ என்று ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் என்னை அடித்திருப்பார்கள், ஊரைவிட்டுத் துரத்தியிருப்பார்கள். ஈஸ்வரன்மேல் ஒரு சொல் விழுந்திருக்காது.

“மண் சாந்துங்க, அதான்...” என்றேன். என் துணிச்சல் அவ்வளவுதான். நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

ஈஸ்வரன் அதற்குள் சேற்றிலிருந்து முழுச் செங்கற்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கியிருந்தான். மறுபடியும் கட்டுவதாக எண்ணம். ஊர் கூடியது. ஈஸ்வரன் குடும்பம் அங்கே இருக்கலாமா, கூடாதா? கன்னிமாரிடமே கேட்டுவிடலாம் என்றார் தர்மகர்த்தா. பொட்டலம்? “போனவாட்டி கட்டுன கையே கட்டட்டும்.” ஈஸ்வரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். சரி என்று தலையாட்டினான்.

சிவகாமி வழியில் நிறுத்தினாள். “நீங்க கும்புட மாட்டீங்கன்னு தெரியுமுங்கண்ணா. இந்த ஒருக்கா எங்களுக்கோசரம் சித்தெ வேண்டிக்கிட்டுக் கட்டுங்க.”

“செரி அம்மணி” என்றேன்.

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

டைல்ஸ் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மடியில் வெள்ளை அரளி நிறைய இருந்தது. இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டுவது எனக்குப் பழகிய வேலை. முதல்முறை விளையாட்டுக்குச் செய்ததை இந்த முறை ஒரு குடும்பத்துக்காகச் செய்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஊர் வாயை மூடியிருக்கும். அவன் சுவர் எழும்பியிருக்கும்.

நான் கட்டவில்லை.

பயம்! கற்கள் இருந்த இடத்தில் வந்து நின்ற அந்தத் தண்ணீர்... அது என்னைத் தேடி வந்ததுபோலத் தோன்றிவிட்டது. எதையும் நம்பாத நான், எல்லோரையும் பார்த்துச் சிரித்த நான், ஒரு பொட்டலத்தில் வெள்ளையையும் மற்றதில் சிவப்பையும் வைத்தேன். முறைப்படி. நேர்மையாக. வாழ்க்கையில் முதன்முறையாகச் சாமியிடம் நேர்மையாக நடந்துகொண்டேன், அடுத்தவன் வீட்டைப் பணயம் வைத்து!

ஏமாற்றக் கூடாத இடத்தில் ஏமாற்றினேன். ஏமாற்ற வேண்டிய ஒரே இடத்தில் உத்தமனாகிவிட்டேன். இந்த ஊரைக் காறித் துப்ப எனக்கு என்ன யோக்கியதை, சொல்லுங்கள்! டீக்கடையில் பேசியவன்கூட நம்பித்தான் பேசினான்.

குழந்தை எடுத்தது. பிரித்தார்கள்.

சிவப்பு.

குலவை இல்லை. சிவகாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தேன். உள்ளே வெள்ளை இருப்பது எனக்குத் தெரியும். பிரித்துக் காட்டினால் என்ன என்றுகூடத் தோன்றியது. விட்டுவிட்டேன். இந்த முறை அது திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

அந்த மனையை வேறொருவர் வாங்கிக்கொண்டார். கரையில் கல் அடுக்கித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். கட்டலாம் என்று அப்போதுதான் ஊருக்குத் தோன்றியிருக்கிறது! ‘கன்னிமார் நகர்’ என்று வளைவு வைத்தார்கள். திறப்பு விழாவில் வாழ்த்துக் கவிதை படித்தது யாரென்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள்.

எனக்கு நாற்பது கடந்துவிட்டது. கோயம்புத்தூர் போகிற பேருந்து சரவணம்பட்டி தாண்டிக் கணபதிக்குள் நுழையும்போது லேத் பட்டறைகளின் கிரீச்சொலி சன்னல் வழியாக வரும். ஈஸ்வரன் அங்கேதான் ஒரு சந்துக்குள் வாடகைக்கு இருக்கிறான் என்று கேள்வி. ஒவ்வொரு முறையும் இறங்க வேண்டும் என்று எழுந்து நிற்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நடத்துநர் விசில் ஊதிவிடுகிறார். பிறகு உட்கார்ந்துவிடுகிறேன்.

அவர்கள் ஊரைவிட்டுப் போன காலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, கயிற்றால் கட்டிய அண்டா. மேல்தெருக்காரர்கள் சிலர் அந்தப் பக்கம் பார்க்காமலே நின்றார்கள். சொல்லிவிடத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிடத்தான் போனேன்.

சிவகாமி முந்திக்கொண்டாள். “தப்பு என்ற மேலதானுங்கண்ணா. ஒதுங்கியிருக்கற நாள்லயும் அந்தச் சன்னலத் தொறந்து ஆத்தப் பாத்துக்கிட்டே நின்னேன். அவிய குளிக்கற எடம்னு தோணவே இல்லீங்க. அதுதானுங்க...”

“கம்முனு இரு. அண்டாவப் புடி” என்றான் ஈஸ்வரன்.

பேருந்து வந்துவிட்டது. மூட்டைகளை மேலே ஏற்ற நான் கை கொடுத்தேன். வாயைத் திறந்தேன். “ஈஸ்வரா, அந்தப் பூவு...” என்று தொடங்கினேன்.

அவன் என் தோளில் கையை வைத்து நிறுத்திவிட்டான்.

“வுடு வாத்தி, நீ எதுக்கு வெசனப்படறே? வேற எவன் கட்டியிருந்தாலும் கள்ளப் பொட்டலம்னு அங்கயே மல்லுக்கு நின்னிருப்பேன். கட்டுனது நீயி. அதுக்கு மேல நாம் பேச என்ன இருக்குது? வாரேன்.”